முகத்து மங்கும் மனத்து அவசரமும்

வலியோ காய்ச்சலோ இன்றி வந்து, உயிருக்கு எவ்வித ஹானியும் செய்யாமலே, ஒருவருடைய மன நிம்மதியைப் பல ஆண்டுகள் குலைத்துவிடக்கூடிய மாற்றங்கள் சில நம் சரீரத்தில் உண்டு. கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டின் மீதும் பழுப்பாகவோ கருமையாகவோ படரும் மங்கு அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் ஸ்திரீகளுக்கே, அதிலும் குழந்தைகளைப் பெற்றுக் குடும்ப பாரத்தைச் சுமக்கும் பிராயத்தில் இது தோன்றுவதால், அவர்கள் தாமாகக் கண்ணாடியில் கண்டு வருந்துவதைக் காட்டிலும், கல்யாணப் பந்தலிலும் கோயில் வாசலிலும் சந்திக்கிறவர்கள் "என்னம்மா, முகம் இப்படிக் கறுத்துப்போச்சே!" என்று கேட்டுக் கேட்டு வருத்துவதே அதிகம். அந்தக் கேள்வியின் முன் தலைகுனிந்து நிற்கும் பெண்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் தலைகுனிவுக்கு யாதொரு நியாயமும் இல்லை.

தோலின் மேலடுக்கில் அடித்தளத்தை ஒட்டி வாழும் மெலனோசைட் என்னும் அணுக்கள், மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்கி அண்டை அணுக்களுக்கு வழங்குகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அணுவின் உட்கருவைத் தாக்காதபடி அது குடை பிடிக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்ட்ரோன் என்னும் ஹார்மோன்கள் பெருகும்போதும், சிலருக்குக் கருத்தடை மாத்திரையாலும், பரம்பரைச் சுபாவத்தோடு வெயிலும் சேரும்போதும், அந்த அணுக்கள் தம் காவல் தொழிலை அளவு மீறிச் செய்கின்றன. ஆதலால், மங்கைக் கண்டவுடனே ஈரலில் கோளாறு, இரத்தத்தில் அழுக்கு என்றெல்லாம் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் ஆதாரமற்ற பேச்சே.

வெயிலே முக்கியமான தூண்டுகோல் என்பதால், வெயிலைத் தடுப்பதே முதற் சிகிச்சை. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை நாள்தோறும் பூசி, வெளியில் இருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கை அடர்த்தியாக்குவதால், இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தருகிறது. வயலில் களை பறிக்கும் பெண்ணுக்கும், நிழலற்ற நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் இவையெல்லாம் எளிதில் கிட்டுவன அல்ல என்பதையும் நாம் மறக்கலாகாது.

1975இல் கிளிக்மன், வில்லிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்ஸாமெதசோன் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு களிம்பை வகுத்தனர். அதன் வழிவந்த மும்மருந்துக் களிம்புகள், மருத்துவரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் பிரயோகிக்கப்படுகின்றன. இரத்தப்போக்கை நிறுத்துவதற்காக ஜப்பானில் கண்டறியப்பட்ட டிரானெக்ஸாமிக் அமிலமும் இப்பொழுது பயன்படுகிறது. இரத்தம் அளவுக்கு மீறி உறையும் தன்மை உள்ளவர்களுக்கு அது தீங்காகலாம் என்பதால், விசாரித்தே கொடுக்க வேண்டியது. எந்த மருந்தாயினும் பலன் தெரியப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். வெயிலுக்கு முகம் கொடுத்தால் மங்கு மீண்டும் வரும்.

அதே 1975ஆம் ஆண்டிலேதான் 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. முன் சொன்ன மும்மருந்துக் களிம்பு ஒரு தோல் நிலைக்கு, ஒரு கால எல்லைக்குள் செய்யும் சிகிச்சை; பின்னதோ நம் நிறத்தையே ஒரு குறையாகக் கருதும் எண்ணத்தின் விளைவு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதிலிருந்தே பெருந்துன்பங்கள் பிறந்தன. யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு, முதல் சில வாரங்கள் முகத்தைப் பளிச்சென்று காட்டிவிட்டு, பிறகு தோலை மெலிவித்து, பருக்களையும் சிவப்பையும் ரோமத்தையும் வளர்க்கிறது. நிறுத்தினாலோ எரிச்சல் பொங்குகிறது. 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தும், அந்த வழக்கம் முற்றும் ஒழியவில்லை. பாதரசம் கலந்த வெளுப்புக் க்ரீம்களால் சிறுநீரகம் கெட்டவர்கள் கேரளத்து மலப்புரத்தில் 2023இல் கண்டறியப்பட்டனர். வீட்டு வைத்தியமாக எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் செல்வதும், ஜாதிக்காயை இழைத்து அழுந்தத் தேய்ப்பதும்கூடத் தோலைப் புண்படுத்தி, கருமையை மிகுவிக்கக் கூடும்.

இவற்றுக்கெல்லாம் மூலகாரணம் அவசரம். அந்த அவசரத்துக்கு மூலகாரணம் பிறர் கண்களைப் பற்றிய பயம். மங்குக்குச் சிகிச்சை செய்துகொள்ள விரும்புவதில் தவறு எதுவும் இல்லை. தன் முகம் முன்போல் இருக்க வேண்டும் என்ற ஆசை மானிட சுபாவமே. ஆனால் அந்த ஆசை, பிறந்த நிறத்தின் மேல் வெறுப்பாக மாறாதவரையில்தான் பொறுமை நிலைக்கும். பொறுமை நிலைக்கும்வரையில்தான் மருந்து மருந்தாக இருக்கும். அந்தப் பொறுமையை மங்கு கண்ட பெண் ஒருத்தியின் தலையிலேயே சுமத்துவது தர்மமாகாது. மருத்துவரிடம் கூட்டிச் செல்லும் செலவையும், உச்சிவெயிலில் செய்யும் வேலையையும் வீட்டார் பகிர்ந்துகொள்ளட்டும். பந்தலில் அவளைச் சந்திக்கும் நாமோ முகத்தைப் பற்றிய கேள்வியை விட்டு, க்ஷேமத்தை விசாரிப்போம். களிம்பு மாதங்கள் எடுத்துக்கொண்டாலும், நம் நாவின் திருத்தத்துக்கு ஒரு நாள்கூடத் தேவையில்லை.