சுட்டு விரல்

கடைக்கு வந்தவரின் கண் எந்தச் சரக்கின்மேல் போகிறது என்று பார்த்து, அவர் வாய் திறக்குமுன் அதை எடுத்துப் போடுவது வர்த்தகர்களாகிய நமக்குக் கைவந்த வித்தை. இதைப் பெட்டியடியில் கற்றதாக எண்ணுகிறோம். உண்மையில் உம்மாவின் மடியிலேயே கற்றுவிட்டோம். பெரியவர் திரும்பும் திசையில் கைக்குழந்தையும் தன் பார்வையைத் திருப்புகிறது என்பதை 1975-ல் ஸ்கைஃப், புரூனர் என்னும் மனோதத்துவ அறிஞர் இருவர் எழுதி வெளியிட்டனர்.

ஏறக்குறைய ஒரு வயதில் குழந்தை விரல் நீட்டத் தொடங்குகிறது. அதில் இருவகை உண்டு. பிஸ்கட் டின்னைச் சுட்டுவது, அது வேண்டும் என்பதற்காக. வானத்தில் போகும் விமானத்தைச் சுட்டுவது எதற்காக? எடுத்துத் தரச் சொல்லியல்ல. தான் கண்டதை வாப்பாவும் காணவேண்டும், அவ்வளவுதான். சுட்டிவிட்டு நம் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். பேச்சும் பெரும்பாலும் இவ்வழியாகவே வருகிறது. இருவரும் சேர்ந்து பார்க்கிற பொருளுக்குத்தானே பெயர் சொல்லிக்கொடுக்க முடியும்?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் குறைந்து காணப்படுவது இந்த இரண்டாம் வகைதான். வேண்டியதற்கு நம் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துச் செல்வார்கள்; விமானத்தைக் காட்டமாட்டார்கள். பெயர் சொல்லி அழைத்தாலும் பல சமயம் திரும்பமாட்டார்கள். (கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டும் வாப்பாமாரை எந்த டாக்டரிடம் காட்டுவதோ!)

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வெளியே சொல்லப்படாவிட்டாலும் பல வீடுகளில் இருக்கிறது. நம் பக்கம் திரும்பாத பிள்ளையின் பக்கம் நாம் திரும்பி ஆவதென்ன? அவனுக்கா தெரியப்போகிறது?

தெரியாது என்பதே முதலில் சரியல்ல. உம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பும்போது, அந்நியரை விட்டு உம்மாவையே இப்பிள்ளைகள் நாடுவது ஆராய்ச்சிகளில் காணப்பட்டிருக்கிறது. பாசம் இருக்கிறது, அதைக் காட்டும் வழிதான் வேறு. ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர் சிலர், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று பழி சுமத்தினர். அக்கொள்கை பொய்யென்று தள்ளப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகியும், நம் வீடுகளில் மாமிமார் வாயில் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

சரி, பிள்ளைக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். திருக்குர்ஆனின் 80-வது சூரா 'அபஸ' இறங்கிய காரணம் நாம் அறிந்ததே. குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த சமயம் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்தார்கள். வந்தவர் கண்பார்வை இல்லாதவர். எதிரிலிருந்த முகம் சுளித்ததையோ, வேறு பக்கம் திரும்பியதையோ அவர் காண வழியில்லை. ஆயினும் அல்லாஹ்விடத்தில் அது கணக்கில் கொள்ளப்பட்டது. அப்படியானால், ஒருவர் பக்கம் நாம் திரும்புவது அவர் அறிந்து பதில் செய்வதற்காக அல்ல என்றாகிறதல்லவா? கொடுத்ததற்கு ஈடு எதிர்பார்க்கும் கணக்கு கடைக்குப் பொருந்தும். அதே பேரேட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம் என்பதுதான் நம் அபிப்பிராயம்.

டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேயர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இன்னொன்றைச் சொன்னார். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளாதது மட்டுமல்ல. நாமும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை. குறை இருபக்கமும் இருக்கிறது. இதை நாம் ஏற்கவே செய்கிறோம். பொம்மைக் காரின் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் 'இங்கே பார்' என்று பத்துமுறை அதட்டுகிறோம். அந்தச் சக்கரத்தை நாம் ஒருமுறையேனும் பார்த்ததுண்டா?

கோனி கசாரி என்னும் அம்மையாரும் அவர் தோழர்களும் அமெரிக்காவில் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பார்க்கும் பழக்கத்தைப் பயிற்றுவித்தபோது முன்னேற்றம் காணப்பட்டது. பிள்ளையின் நாட்டம் எதில் இருக்கிறதோ அதிலிருந்தே தொடங்கும் முறை அது. தரையில் அவனோடு உட்கார்ந்து, நாமும் சக்கரத்தைச் சுழற்றி, அவன் நிமிரும்வரை காத்திருக்க வேண்டும். கடை அடைத்து வந்த அலுப்பில் இது எளிதல்ல.

'நானும் நாலு வயதில்தான் பேசினேன்' என்று சொல்லி நாள் கடத்தும் வாப்பாமாருக்கு ஒன்று. பிள்ளைக்கு 18 மாதமாகியும் எதையும் சுட்டிக் காட்டவில்லையெனில், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மேற்கொண்டு யாரிடம் காட்டவேண்டும் என்பதை அவர் எழுதித் தருவார்.