அடுப்படிக்கு விடுமுறை உண்டா?

மெரினா கடற்கரையில் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20 முதல் 24 வரை ஓர் உணவுத் திருவிழா நடைபெற்றது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதனை நடத்தியது. பல மாவட்டங்களிலிருந்து வந்த சுய உதவிக் குழுப் பெண்கள் தத்தம் ஊர்ப் பக்குவத்தில் சமைத்துப் பரிமாறினர். கொங்கு மட்டன் பிரியாணி, கரூர் தோல் ரொட்டி, நீலகிரியின் கேழ்வரகுக் களி என்று மக்கள் தேடித் தேடி உண்டனர். சமைத்தவர் பெண்கள், விலையை எண்ணி வாங்கியவரும் பெண்களே.

இதே களியை இதே பெண் தன் வீட்டில் கிண்டும்போது அதற்கு விலையில்லை. பல வேளைகளில் ஒரு நல்ல சொல்லும் இல்லை. கடற்கரையில் உழைப்பாக எண்ணப்படுவது வீட்டு அடுப்படியில் ஏன் அவ்வாறு எண்ணப்படுவதில்லை?

அது அன்பு, அன்புக்கு விலை வைக்கலாமா என்பது நம்மில் பலரின் விடை. அழகான விடைதான். ஆனால் இதைச் சொல்பவர் பெரும்பாலும் உண்பவரேயன்றிச் சமைப்பவர் அல்லர். கொடுப்பவன் 'கணக்குப் பார்க்க வேண்டாம்' என்றால் அது பெருந்தன்மை. வாங்கிக்கொள்பவனே அதைச் சொன்னால் அதற்கு வேறு பெயர் உண்டு. மார்த்தா, மரியா பற்றிய மறையுரையைக் கேட்கும்போதெல்லாம், அன்று அவ்வீட்டில் சமையலை யார் முடித்துவைத்தார் என்று கேட்கத் தோன்றும்.

விருந்தோம்பலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். ஆனால் அவ்விருந்தைச் சமைத்த கையைப் பற்றி அங்கே பேச்சில்லை. இளங்கோவடிகள் அக்கையைக் கண்டார். மதுரைக்குப் புறத்தே ஆயர் வீட்டில் கண்ணகி கோவலனுக்குச் சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவக்கிறது. கொலைக்களக் காதையில் இவ்வளவையும் நின்று நிதானித்துச் சொல்கிறார் அடிகள். உண்டு முடித்த கோவலன் அவளை அழைத்து, அவள் பட்ட துயரையெல்லாம் நினைந்து வருந்துகிறான். அதன்பின் சிலம்போடு செல்கிறான், திரும்பி வரவில்லை. அந்த ஒரு வேளைச் சோற்றுக்கேனும் அவள் வியர்வை பார்க்கப்பட்டது.

இன்று அரசும் நீதிமன்றமும் சற்றே பார்க்கத் தொடங்கியுள்ளன. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் கணவன் ஈட்டிய பணத்தால் வாங்கிய சொத்திலும், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பு கலந்திருக்கிறது, அவளுக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்திற்கு உதவித்தொகை என்னாமல் 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டனர். அப்போது தொகை மாதம் 1,000 ரூபாய். மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறாள் என்கிறது. ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள். அதுவும் அவ்வேலையில் கைவைக்கும் ஆண்களின் சராசரி மட்டுமே. கைவைக்காதோர் அதில் சேரவில்லை. ஆயிரம் ரூபாய் இதற்கு ஈடாகாது. ஆயினும் 'உரிமை' என்ற சொல் சிறிய சொல்லன்று.

ஆனால் பணம் வந்ததும் ஓய்வு வந்துவிடுமா? இதுவே எனக்குக் கடினமாகத் தோன்றும் கேள்வி.

சேலையூரில் எங்கள் தெருவில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர், தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, பேருந்து மாறி அத்திருவிழாவுக்குச் சென்று வந்தனர். அன்று ஒரு நாள் அம்மையாருக்கு அடுப்படியிலிருந்து விடுதலை என்று கணவர் பெருமையோடு சொன்னார். (காலைச் சிற்றுண்டியையும் இரவுக்கான தயிர்ச் சோற்றையும் அம்மையாரே ஆக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார் என்பதை அவர் சொல்லவில்லை, அம்மையார் சொன்னார்.)

கடையொன்றில் களி பரிமாறிய பெண்ணிடம் அம்மையார் கேட்டாராம்: "அஞ்சு நாளும் நீங்க இங்க இருந்தா, ஊர்ல சமையல் யாரும்மா?"

"மாமியாருங்க. எழுபது வயசாச்சு. முடியாமத்தான் பண்றாங்க."

"வீட்டுக்காரர்?"

அப்பெண் சிரித்தார், பக்கத்திலிருந்த பெண்ணும் சிரித்தார். ஐந்து நாள் ஈட்டிய பணம் அப்பெண்ணுடையது. ஐந்து நாள் எரிந்த அடுப்போ அந்த முதியவளுடையது. அவள் கணக்கை எந்தக் குழுவின் பேரேட்டில் எழுதுவது?

அம்மையாரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டாராம். கணவர் அப்போது அருகில் நின்று களியை ருசித்துக்கொண்டிருந்தார். வண்டியில் திரும்பும்போது, "நம்ம வீட்டுல கேழ்வரகு மாவு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"இருக்கு. எந்த டப்பாவுலன்னு நீங்களே தேடிப் பாருங்க" என்றாராம் அம்மையார்.