ஒரு பகல் தனித்திருத்தல்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் கலைந்தபின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். நம் விழாக்களுக்குப் பாட்டெழுதிக் கொடுப்பவர். ஓராண்டாக ஒரு பாட்டும் எழவில்லை என்றார். "எவரும் உடன் வராமல் ஒரு பகல் முழுவதும் எங்கேனும் சென்று வந்தால் மனம் திறக்கும்போல் இருக்கிறது, ஐயா. வீட்டில் அதைச் சோம்பல் என்கிறார்கள். தம்மம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு வார்த்தையில் விடை சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இன்றைய பேச்சையே அதற்கென வைத்துக்கொண்டேன்.

பாலி நூல்களில் 'திவாவிஹாரம்' என்றொரு சொல் வருகிறது. பகற்பொழுது தங்குதல் என்பது அதன் பொருள். காலையில் பிச்சைக்குச் சென்று, உண்டு முடித்து, பின் பகல் வேளையைத் தனியே ஒரு மரத்தடியில் கழித்தலே அது. மாலையில் திரும்பிவிடுவர். உலகைத் துறந்து ஓடுவது வேறு, இது வேறு. சாவத்தி நகரின் புறத்தே அந்தவனம் என்னும் சோலை இருந்தது. சம்யுத்த நிகாயத்தில் பத்துப் பிக்குணிகளின் வரலாறுகள் ஒருசேர வைக்கப்பட்டுள்ளன. அப்பதின்மரும் தனித்தனியே சென்று அமர்ந்த இடம் அச்சோலைதான். ஒவ்வொருவரிடமும் மாரன் வந்தான். அவன் அங்கே வாளும் வேலும் கொண்டு வரவில்லை, வெறும் கேள்வியோடு வந்தான். சோமை என்னும் பிக்குணியிடம், பெண்ணின் சிற்றறிவுக்கு அந்த உயர்நிலை எட்டுமோ என்று கேட்டான். உள்ளம் ஒருநிலைப்பட்டு அறிவு விளங்கும்போது பெண்மை என்ன தடை செய்யும் என்று அவர் திருப்பிக் கேட்டார். மாரன் வாடிப் போனான்.

வஜிரை என்னும் பிக்குணியிடம் அவன் கேட்டது இன்னும் கடினமான கேள்வி. இவ்வுயிரைப் படைத்தவன் யார், அவன் எங்கே இருக்கிறான் என்றான். வஜிரை ஒரு தேரைச் சுட்டி விடை பகர்ந்தார். பல உறுப்புகள் ஒன்றுகூடிய இடத்தில் நாம் தேர் என்கிறோம். அவ்வாறே கந்தங்கள் கூடிய இடத்தில் உயிர் என்று பேரிட்டு வழங்குகிறோம் என்றார். பிற்காலத்தில் மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேர் உவமையை விரித்துரைத்தபோது, வஜிரையின் வாக்கையே சான்றாக எடுத்துக் காட்டினார். பௌத்தம் பரவிய நாடெங்கும் இன்று அறியப்பட்ட உவமை அது. ஒரு பெண் ஒரு பகலில் தனியே அமர்ந்திருந்தபோது பிறந்தது. வீட்டார் சோம்பல் என்பார்களாயின், இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இவ்வழக்கம் துறவிகளுக்கே உரியது என்று கருத வேண்டா. அமெரிக்க நாட்டு எழுத்தாளர் ஜூலியா கேமரூன் என்னும் அம்மையார், கலைஞர்களுக்கென 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். வாரம் ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு மணி நேரமேனும், எவரையும் உடன் அழைக்காமல் தனக்கு விருப்பமான ஓரிடத்துக்குச் சென்று வருக என்பது அவர் அதில் வற்புறுத்தும் பயிற்சிகளுள் ஒன்று. கிணற்றில் இறைத்துக்கொண்டே இருந்தால் போதாது, ஊறவும் விட வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. நம் ஊர்க் கிணறுகளை அறிந்தவர்க்கு இதைச் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. எனினும் சொன்னவர் சொன்னதைச் சொல்லிவிட வேண்டுமன்றோ?

இனி, உங்களுள் சில பெரியவர்களின் உள்ளத்தில் எழும் ஒரு மறுப்பு எனக்குத் தெரியும். "தம்பி, நம்மை ஊர் ஒதுக்கிற்று. சேரி என்று தள்ளி வைத்தது. கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் தனியே நிறுத்திற்று. சங்கம் என்று ஒன்றுகூடி இப்போதுதான் தலை நிமிர்ந்தோம். மறுபடியும் தனிமையா?" இது வெறும் மறுப்பன்று, வலியிலிருந்து பிறந்த சொல். இதற்கு விடை கூறாமல் மேலே செல்லலாகாது.

1917ஆம் ஆண்டு நடந்ததை நினைவுகூருங்கள். வெளிநாட்டில் கற்றுத் திரும்பிய அம்பேத்கர் பரோடாவில் பணி ஏற்றார். தங்க வீடு கிடைக்காமல், ஒரு பார்சி விடுதியில் வேற்றுப் பெயரில் தங்கினார். சில நாளில் உண்மை வெளிப்பட்டது. கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. பம்பாய் வண்டிக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. போக்கிடம் இல்லாமல் அவர் காமாட்டி பாக் என்னும் பொதுத் தோட்டத்தில் போய் அமர்ந்தார். ஒரு வேளை வெற்று மனத்தோடும் ஒரு வேளை துயரத்தோடும் தாய் தந்தையரை நினைத்து அங்கே இருந்ததைப் பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியுள்ளார். அவ்விடத்தை இன்று சங்கல்ப பூமி என்று போற்றுகின்றனர். 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' இதழ் வந்தது. ஊமையரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள்.

இதைச் சொல்வதால், ஒதுக்கப்பட்டதும் நன்மைக்கே என்று எவரும் கொள்ளாதீர். அந்த ஐந்து மணி நேரம் ஒரு கொடுமை. அவர் அதை வேண்டிப் பெறவில்லை. ஒதுக்கப்படுதல் என்பது பிறர் நம்மேல் சுமத்துவது, ஒதுங்கிச் செல்லுதல் நாமே கொள்வது. ஒதுக்கப்பட்டவனுக்குத் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. ஒதுங்கியவனோ மாலை வண்டிக்குச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறான். விரும்பிய இடத்தில், எவர் கேள்வியும் இன்றி, ஒரு பகல் சும்மா அமர்ந்திருக்கும் உரிமை நம் பாட்டனாருக்கு இருந்ததா? இல்லை. அதனாலேயே நம்மவர் அதைச் செய்தல் வேண்டும் என்பேன்.

அந்த ஒரு நாளும் எளிதில் வந்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு வார விடுமுறை என்பதே ஒருகாலத்தில் இல்லை. சோதிபா பூலேயின் வழிவந்த நாராயண் மேகாஜி லோகாண்டே 1884இல் தொழிலாளரைக் கூட்டி, கையெழுத்து வாங்கி, மனுக் கொடுத்தார். 1890 ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். ஆண்டுகள் பல போராடிப் பெற்ற அந்த நாளை நாம் என்ன செய்கிறோம்? பாதி நாள் உறக்கம், பாதி நாள் கைபேசி. உறங்குபவரை நான் குறை கூறேன். இரவு முறை பார்த்தவன் உறங்கத்தான் வேண்டும். ஆயினும் மாதம் நான்கு ஞாயிறுகளில் ஒன்றையேனும் அறிவுக்கென எடுத்து வைத்தல் இயலாததன்று.

எங்கே செல்வது? நான் தடாவைச் சொல்வேன். சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் கடந்தவுடன் தடா. ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. தடா நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. பலகைகளில் தெலுங்கு எழுத்து. படிக்கத் தெரியாதவனுக்கு அதுவும் ஒரு நன்மை. எழுத்து மனத்தைப் பற்றி இழுக்காதபோது கண் வேறு பொருள்களைப் பார்க்கத் தொடங்குகிறது. பேச்சுக்கு அஞ்ச வேண்டா, அங்கே தமிழ் தெரிந்தவர் பலர்.

ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடி இந்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே சிறீஅரிக்கோட்டைத் தீவு. பி.வி. பாளையம் என்று மக்கள் சுருக்கிச் சொல்லும் மீனவர் ஊரின் கரையில் அமர்ந்தால் நீரும் வானும் ஒன்றாகத் தெரியும். பனிக்காலத்தில் பூநாரைகள் வரும். தலையைக் கீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும் பறவை அது. உண்ணும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள நிறப்பொருளே அதன் இறகைச் சிவப்பாக்குகிறது. எதை உட்கொள்கிறதோ அதன் நிறமே ஆகிறது. ஆயிரம் பறவை கூடி நின்றாலும் ஒவ்வொன்றும் தன் தலையைத் தானே கவிழ்க்கிறது. இதற்கு மேல் உபதேசம் எதற்கு?

தடா என்றவுடன் பலர் அருவியை நினைப்பர். உப்பலமடுகு என்னும் அவ்வருவி தடா ஊரிலேயே இல்லை. மேற்கே வரதய்யபாளையம் பக்கத்து மலைக்காட்டில் உள்ளது. அங்கே தனியே செல்லாதீர். மடுக்கள் ஆழமானவை, பாறைகள் வழுக்கும். உயிரிழந்தோர் உண்டு. அருவி காண விரும்புவோர் நால்வராகச் செல்க. அது வேறொரு நாளின் இன்பம்.

தனியே செல்லத் தகாத இடம் உள்ளது போலவே, தனியே செல்லத் தகாத மனநிலையும் உண்டு. மேகியர் என்னும் பிக்கு, கிமிகாளை ஆற்றங்கரையில் ஒரு மாஞ்சோலையைக் கண்டார். என்ன அழகு, இங்கே அமர்ந்தால் சித்தி கிட்டும் என்று எண்ணிப் பகவானிடம் விடை கேட்டார். வேறொருவர் வரும்வரை பொறுத்திரு என்றார் பகவான். மேகியர் மூன்று முறை கேட்டார். பின்னர் பகவான் தடுக்கவில்லை. சோலையில் அமர்ந்த மேகியரின் நெஞ்சில் காமமும் பகையும் கொடுமையும் மாறி மாறி எழுந்தன. அழகிய மாமரங்கள் அவருக்கு உதவவில்லை. திரும்பி வந்தவரைப் பகவான் கடிந்துகொள்ளவில்லை. முதிராத உள்ளம் முதிர்வதற்கு ஐந்து துணைகளை எடுத்துரைத்தார். அவற்றுள் முதலாவது நல்ல நட்பு. தனிமை வேண்டிச் சென்றவனுக்குச் சொல்லப்பட்ட முதல் மருந்து நட்பு என்பதை ஆழ்ந்து நோக்குங்கள். மனைவியோடு சண்டையிட்டு, சங்கத்தில் ஒருவரோடு பிணங்கி, அந்த வெறுப்போடு ரயில் ஏறினால், தடாவில் இறங்குவது ஒருவர் அல்லர், இருவர். முதலில் இணங்கிவிட்டுப் பின் செல்க.

நான் பஞ்சாலைத் தறிக்கூடத்தில் நின்று உழைத்தவன். தறிகளின் ஓசையில் பேச்சுக் கேளாது. உதடு பார்த்தும் கைச்சாடை கொண்டும்தான் பேசுவோம். விடுமுறை நாளிலும் அவ்வோசை காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் இரண்டு மணி நேரம் ஏரிக்கரையில் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. கடன், வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இவைதாம் ஓடும். எழுந்து ஓடிவிடாதீர். ஓசை தானே தணியும். அதன்பின் வருவது ஒரு பாட்டின் முதலடியாக இருக்கலாம், நெடுநாள் எழுத இயலாத ஒரு மனுவின் வாசகமாகவும் இருக்கலாம். படைப்பு என்பது கவிஞர்க்கு மட்டும் உரியதன்று. அயோத்திதாச பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கோலார் தங்கவயல் வரை உழைப்பாளிகள் வாங்கிப் படித்தனர்.

நம் மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவம் என்னும் தீவு வருகிறது. அத்தீவில் இருவர் தனித்திருந்தனர். ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இருந்தது. கலம் அவனை விட்டுச் சென்றுவிட்டது. உண்பிக்க ஒருவரும் இல்லாத இடத்தில் பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். பின்னர் மணிமேகலை அதே தீவில் தனியே கண்விழித்தாள். அஞ்சினாள், அழுதாள், பின் புத்த பீடிகையைக் கண்டாள். அதே பொய்கையில் அதே பாத்திரத்தைப் பெற்றாள். அவள் புகாருக்குத் திரும்பினாள். ஆதிரை இட்ட முதற்பிச்சையோடு பசித்தோர்க்கு உணவு தொடங்கிற்று. தீவும் ஒன்று, பாத்திரமும் ஒன்று.

சகோதரிகளைப் பற்றி ஒரு சொல். அந்தவனம் சென்ற பதின்மரும் பெண்கள். நம் வீடுகளில் ஆண்மகன் தடா சென்று வந்தால் அது பயணம். தாயோ தங்கையோ கேட்டால் "எதற்கு?" என்கிறோம். ஒரு ஞாயிறு அவர் சென்றால், மறு ஞாயிறு அடுப்பும் பிள்ளையும் அவர் பொறுப்பில், அம்மையார் ஏரிக்கரையில். இதற்கு இசையாதவர் தாமும் செல்லாதிருக்கட்டும்.

கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். மழை பொய்த்த ஆண்டின் கோடையில் அப்பக்கத்து ஏரி பெரும்பாலும் வறண்டு கிடக்கும். கட்டுச்சோறு, குடிநீர், தலைக்கு ஒரு துண்டு, ஒரு நோட்டு, பென்சில் இவை போதும். செல்லும் இடத்தை வீட்டில் சொல்லிச் செல்க. கைபேசியை அணைத்துப் பையின் அடியில் வைக்கவும். இருட்டுமுன் நிலையத்துக்கு வந்துவிடுக. அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குமாறு செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். எழுதிக் கொண்டுவந்தவர் வாசிக்கலாம். ஒன்றும் எழுதாமல் திரும்பியவர் கண்டதைச் சொல்லலாம்.