ஏட்டுச் சட்டமும் பாலாற்று நீரும்

சட்டக் கல்லூரி எதைக் கற்றுத் தருகிறது? சட்டத்தையா, நீதியையா? இரண்டும் ஒன்றே என்பர் ஏட்டறிஞர். பாலாற்றங்கரையில் நின்று பார்ப்போர் அவ்வாறு கூறார்!

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு வருமுன் காத்திடல் வேண்டும். மாசுபடுத்தியவனே ஈடு செய்தல் வேண்டும். இவ்விரண்டும் இந்நாட்டுச் சட்டமே என்றது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதையும் எடுத்துரைத்தது. சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர்க்கு இன்று அது பாடம். ஒப்பிக்கிறான், மதிப்பெண் பெறுகிறான்.

உழவனோ உப்பேறிய கிணற்றை எட்டிப் பார்க்கிறான். இழப்பீடு பெறாதோர்க்கு ஆறு வாரத்தில் வழங்குக என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. இடையில் கழிந்தவை 28 ஆண்டுகள்!

“ஆலைகளை மூடச் சொல்கிறீரா?” என்பர். இல்லை! ஆம்பூரில் அடுப்பெரிவது தோல் தொழிலால். தோல் உரித்தவனைத் தீண்ட மறுத்த சமுதாயம், தோல் தந்த பொன்னைத் தீண்டத் தயங்கியதில்லை. அத்தொழிலாளியின் கூலியும் உழவனின் கிணறும் மோதுகையில் அறம் எது? இவ்வினாவை வகுப்பில் எழுப்புபவரே ஆசிரியர். விடையை மட்டும் ஓதுபவர் வெறும் ஏடு.

வேலூரில் 2008-இல் அரசு சட்டக் கல்லூரி தோன்றியது. சட்டக் கல்லூரிதோறும் சட்ட உதவி மையம் வேண்டும் என்பது விதி. அம்மையம் கிணற்றடிக்கு வரட்டும்! ஆசிரியர் முன்னே நடக்கட்டும். மாணவன் ஏழையின் மனுவை எழுதிப் பழகட்டும்.

தீர்ப்பு எழுதிய நாளில் நீதி பிறந்துவிடுவதில்லை. கிணற்று நீர் இனிக்கும் நாளே அதன் பிறந்தநாள்!