பரம்பரையும் பொறுப்பும்

கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவுவோரும், பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்போரும் நம்மிடையே உளர். செய்வது வீண் என அவர்களே அறிவர். அறிந்தும் விடமுடியாமல் வாடுவர். எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் இது, நூற்றுவரில் ஏறக்குறைய இருவரை வாழ்நாளில் பற்றுகிறது. நம்மவரோ இதனைப் பேயென்பர், முன்வினையென்பர். சிலர் "இரத்தத்திலேயே வந்தது" என்று கூறி அக்குடும்பத்தில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் மறுப்பர். முதலிரண்டும் மூடநம்பிக்கை. மூன்றாவது விஞ்ஞானத்தின் உடையணிந்து வருவதால், அதனைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

பரம்பரைக்குப் பங்குண்டு என்பது மெய்யே. ஒரு கருவே இரண்டாய்ப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், மற்றவருக்கும் இருப்பது ஏனைய இரட்டையரிடம் காண்பதைவிட மிகுதி. நோயுற்றோரின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்பர். ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள்: இரண்டின் நான்கு மடங்கு எட்டு. அத்தகையோர் நூற்றுவரிலும் 90-க்கு மேற்பட்டோர் தப்பிவிடுகின்றனர்! மேலும், 50,000-க்கும் மேற்பட்ட நோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்து 2025-இல் முடிவு வெளியிட்டோர், 30 இடங்களில் தொடர்பு கண்டனர். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அத்தகைய சிறு வேறுபாடுகள் நோயற்றோரிடத்தும் பரவிக் கிடக்கின்றன. ஆகவே "தூய இரத்தம்" என மார்தட்ட எவருக்கு உரிமை?

ஆங்கில அகராதியை 1755-இல் வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வாயிலைக் கடக்கையில் அடிகளைக் கணக்காய் வைப்பார். தவறின் திரும்பிச் சென்று மீண்டும் தொடங்குவார் என, அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறித்துள்ளார். தம் மனச்சோர்வு தந்தைவழி வந்ததென்றும் ஜான்சன் கருதினார். அப்பெரியார் பிறந்திருக்கலாகாது என்று சொல்ல நாம் துணிவோமா? அறிஞருக்குரிய அந்நியாயமே லயத்தில் வாழும் ஏழைத் தொழிலாளிக்கும் உரியது.

மற்றொரு பிழையும் உண்டு. "பிறவியிலேயே வந்தது, என் செய்வது?" என்று கைகட்டியிருத்தல், விதிக்கு மரபணு என்னும் புதுப்பெயர் சூட்டுவதேயாகும். அஞ்சுவதை எதிர்கொண்டு, கழுவாமலும் சரிபாராமலும் பொறுத்திருக்கப் படிப்படியாய்ப் பழக்கும் சிகிச்சையும், மருந்தும் பலருக்குப் பயன் தருகின்றன. பரம்பரையாய் வந்ததும் பயிற்சியால் தணியும்.

கணக்கெழுதும் கிராணி எவனும் அறிவான்: புதிய ஏட்டின் முதல் வரியில் பழைய பாக்கி வந்து நிற்கும். அதற்காக அவனை யாரும் திருடனென்று சொல்வதில்லை. ஆயின் அடுத்த வரிகளை எழுதுவது அவன் கடமை. நோய் வந்ததற்கு நோயாளி பொறுப்பல்லன். மருத்துவரை நாடுதல் அவன் பொறுப்பு; நாணாமல் நாடச் செய்தல் நம் பொறுப்பு.