கருவி செய்தவனுக்கு என்ன பாத்தியதை?

வீட்டில் கையாற் செய்த மின் கிற்றார்களிலே உலகறிந்தது, 'குயீன்' இசைக்குழுவின் பிறையன் மே வாசிக்கும் 'றெட் ஸ்பெஷல்'. 1963 ஆகஸ்டில், பதினாறு வயதில், தகப்பனார் ஹெரல்டுடன் சேர்ந்து இலண்டனுக்கு அண்மையிலிருந்த தம் வீட்டில் அதைச் செய்யத் தொடங்கினார். கடைக் கிற்றார் வாங்கக் கையிற் பணமில்லை. ஹெரல்டோ இலத்திரனியல் அறிந்தவர். வீட்டுத் தொலைக்காட்சியையே தாமாகப் பூட்டியவர்.

கழுத்துக்குப் பழைய கணப்படுப்பொன்றின் மேற்சட்டம். அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடலின் நடுவே பழைய மேசையொன்றின் ஓக் மரம், மேலே மஹோகனிச் சீவல். ஒலிபெருக்கியின் ஓசைக்குத் தந்திகள் திரும்ப அதிர வேண்டுமென்றே உடலுக்குள் குடைந்து வெற்றிடம் விட்டார்கள். சுருதியை அசைக்கும் பொறிக்குக் கத்தி விளிம்பாகத் தீட்டிய உருக்கும், மோட்டார் சைக்கிளின் வால்வு விற்சுருள்கள் இரண்டும். விரற்பலகையின் புள்ளிகள் உம்மாவின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஏறக்குறைய இரண்டு வருட வேலை.

இதுவரை கதை இனிமையானதுதான். 1970களின் தொடக்கத்தில் மகன், இம்பீரியல் கல்லூரியில் செய்துவந்த வானியல் ஆய்வைக் கைவிட்டு, அந்தக் கிற்றாரோடு முழுநேர இசைக்குப் போனார். தகப்பனாருக்கு அது பெரும் மனத்தாங்கல். கருவியைத் தன் கையாற் செய்து கொடுத்தவரே அதன் வழியை மறுத்தார்.

செய்து கொடுத்தவனுக்கு அதன் பயன்பாட்டின்மீது பாத்தியதை உண்டா? கதவு செய்த தச்சன், அதனூடாக யார் போகலாமென்று சொல்வதில்லை. ஆனால் தச்சன் கூலி வாங்கியவன், கணக்கு முடிந்தது. ஹெரல்ட் கூலி வாங்கவில்லை. கூலியில்லாத உழைப்புக்குத்தான் கணக்கு முடிவதேயில்லை. நம்மில் எத்தனை வாப்பாமார், "உனக்காக நான் பட்ட பாடு" என்ற ஒரு வசனத்தால் பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறார்கள்!

எனக்குத் தோன்றுவது இது: அந்த அறையில் இருவரும் ஒரே பொருளைச் செய்யவில்லை. மகன் செய்தது வாத்தியம். தகப்பன் செய்தது பாடம். அளந்து, சிந்தித்து, பிழையைத் திருத்தப் பழக்கும் பாடம். ஆகவே ஹெரல்டின் வருத்தம் பொய்யல்ல. வருந்தவும், அதை முகத்துக்கு நேரே சொல்லவும் அவருக்கு உரிமையிருந்தது. தடுக்கும் உரிமை இருந்ததென்று நான் ஒப்பமாட்டேன். நன்றியைக் கீழ்ப்படிவாகத்தான் செலுத்த வேண்டுமென்றால் கொடுத்தது கொடை அல்ல, கடன். மறுபுறம், கொடைதானே என்று கொடுத்தவரின் மனத்தாங்கலைக் கணக்கெடுக்காமல் விடுவதும் அழகல்ல.

மகன் அப்படி விடவில்லை. குழு புகழடைந்தபின் தகப்பனாரை நியூயோர்க்குக்கு அழைத்து, மடிசன் ஸ்குவயர் கார்டனில் தம் நிகழ்ச்சியைப் பார்க்க வைத்தார். ஹெரல்ட் 1988இல் காலமானார். கைவிட்ட ஆய்வை மகன் மீண்டும் எடுத்து முடித்து, 2007இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதை அவரிடம் கேட்க அப்போது எவரும் இருக்கவில்லை.