கண்ணுக்குரிய ஹக்கு

 

திருக்குர்ஆனின் ரூம் அத்தியாயத்தில் உள்ள 23ஆம் திருவசனத்தை நம்மில் பலர் பலமுறை ஓதியிருப்போம். இரவிலும் பகலிலும் நாம் உறங்குவதையும், அவனுடைய அருளைத் தேடி நாம் புறப்படுவதையும் அல்லாஹுத் தஆலா அங்கே ஒருசேரச் சொல்லி, இரண்டையும் தன் அத்தாட்சிகளில் வைத்து எண்ணுகிறான். அருளைத் தேடுவது என்றால் அதில் வியாபாரமும் அடக்கம். ஆகவே அவ்வசனத்தின் பின்பாதி நமக்கு மிகவும் பிடித்தமானது. கடை திறக்க நாம் சுணங்குவதே இல்லை. முன்பாதியை மட்டும் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டோம். உறங்கிய நேரம் நஷ்டப்பட்ட நேரம் என்று பேசிக்கொள்கிறோம். இது சரிதானா என்று சற்றுச் சிந்திப்போம்.

உறக்கம் என்பது எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைவது போன்றதன்று. அது மூளை முயன்று செய்கிற ஒரு வேலை. இதை உலகுக்கு உணர்த்தியது ஒரு கொடிய நோய். 1917ஆம் ஆண்டு வியன்னா நகரத்து வைத்தியர் வான் எக்கனாமோ, மூளை வீங்கும் விசித்திரமான நோய் ஒன்றைக் குறித்து எழுதினார். நோயுற்றவர்களில் பலர் நாள் கணக்காக, வாரக் கணக்காக உறங்கியே கிடந்தனர். வேறு சிலரோ உறக்கமே வராமல் துடித்தனர். மாண்டவர்களின் மூளையை அவர் பரிசோதித்தார். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. வாதுமைப் பருப்பளவுதான் இருக்கும். அதன் பின்புறம் கெட்டிருந்தவர்கள் ஓயாது உறங்கியவர்கள். முன்புறம் கெட்டிருந்தவர்கள் உறக்கம் இழந்தவர்கள். விழிக்கச் செய்ய ஓர் இடம், உறங்கச் செய்ய ஓர் இடம் என்று இறைவன் தனித்தனியே வகுத்திருப்பது அப்போது விளங்கிற்று.

1949இல் மொருஸி, மேகூன் என்னும் இருவர் பூனையின் மூளைத்தண்டில் இலேசான மின்சாரத்தைப் பாய்ச்சினர். உறக்கத்தின் மின்னலைகள் மறைந்து விழிப்பின் அலைகள் தோன்றின. பிற்காலத்தார் கண்டது இன்னும் வியப்பானது. விழிப்பூட்டும் நரம்புக் கூட்டமும் உறக்கமூட்டும் நரம்புக் கூட்டமும் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஏற்றப் பலகையின் ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழ்கிறதல்லவா, அதைப் போல. விழிப்பின் பக்கம் பலகை ஆடாமல் நிற்க முட்டுக் கொடுப்பது ஓரெக்சின் என்னும் பொருள். 1998இல் கண்டறியப்பட்ட இப்பொருளைச் சுரக்கும் அணுக்களை இழந்தவர்கள், பட்டப்பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே உறக்கத்தில் விழுந்துவிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே, கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்தில், சுமார் 20,000 அணுக்களால் ஆன ஒரு கடிகாரமும் உண்டு. கண்ணில் படும் ஒளியைக் கொண்டு அது இரவையும் பகலையும் கணக்கிடுகிறது.

பசியின் கதையும் இதுவே. லாகூரில் பிறந்து, பின்னர் டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய பி. கே. ஆனந்த், 1951இல் அமெரிக்காவில் புரோபெக் என்பாருடன் சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். அதே ஹைப்போதலாமஸின் இரு ஓரங்களிலும் ஒரு சிறு இடம் அழிந்ததும், உணவு எதிரே இருந்தும் அவை உண்ணாமல் நின்றுவிட்டன. பசி, தாகம், உடற்சூடு, உறக்கம் ஆகிய இத்தனை கணக்குகளையும் நடத்தும் கணக்குப்பிள்ளை அந்த வாதுமைப் பருப்புக்குள் அமர்ந்திருக்கிறார்.

இவையெல்லாம் வெகுதூரத்துச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் மூளைக் காய்ச்சல் பரவியபோது, நமது நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரமே அதிகமாகத் துன்புற்றது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட அக்கிருமிக்கு நிப்பா என்றே பெயர் வந்தது. நாடு முழுவதும் 265 பேர் நோயுற்றனர், 105 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் பாடுபட்டவர்கள். அவர்கள் நமது அண்டை மக்கள். அவர்கள் பட்ட துன்பத்தைக் கண்டு இரங்குவதே ஈமானுக்கு அழகு. அந்நோய் மூளைத்தண்டைத் தாக்கியபோது நினைவு மங்கிற்று, இதயம் படபடத்தது, இரத்தக் கொதிப்பு ஏறிற்று. நாம் கேளாமலே நம்முள் ஓடும் மூச்சும் நாடியும் விழிப்பும் எத்தனை சிறிய இடத்தைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? சிறு துயிலோ உறக்கமோ தீண்டாதவன் அல்லாஹ் ஒருவனே என்று ஆயத்துல் குர்ஸியில் அன்றாடம் ஓதுகிறோம். அப்படியிருக்க, உறக்கம் வேண்டாதவர்களைப் போல் நாம் நடந்துகொள்வது எந்த வகையில் பொருந்தும்?

வியாபாரிகளுக்கு விளங்கும்படியே சொல்லுவோம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் ஒரு கடன். அடினோசின் என்னும் பொருள் மூளையில் சேர்ந்து சேர்ந்து அக்கடனைப் பதிகிறது. காப்பியும் தேநீரும் அதை அடைப்பதில்லை. கடன்காரர் உள்ளே வராதபடி வாசற்கதவைத் தாழிடுகின்றன, அவ்வளவுதான். கதவு திறந்ததும் கடன்காரர் வட்டியோடு நிற்பார். லோரி ஓட்டும் தம்பி 90 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் நான்கே விநாடி கண்ணயர்ந்தால், வண்டி 100 மீட்டர் தூரம் ஓட்டுவார் இல்லாமல் ஓடும். எந்தச் சரக்கின் இலாபம் அதற்கு ஈடாகும்?

ஹஜ்ரத் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், ஹஜ்ரத் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். அபூதர்தா பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்குபவர். அவர் வணங்க எழுந்தபோதெல்லாம் ஸல்மான் அவரை உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில்தான் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உமது உடலுக்கும், உமது குடும்பத்துக்கும் உம்மீது ஹக்கு இருக்கிறது. அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடும் என்று ஸல்மான் எடுத்துரைத்தார்கள். இது நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, ஸல்மான் உண்மையே உரைத்தார் என்றார்கள். இரவெல்லாம் வணங்குவதற்கே இந்த அளவு உண்டென்றால், இரவெல்லாம் கல்லாவில் அமர்வதற்கு அளவில்லாமல் போகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கண்ணின் ஹக்கை நாம் விட்டுக்கொடுத்தால் நட்டம் நம்மோடு போகும். நம்மிடம் கூலிக்கு இருப்பவனின் கண்ணுக்குரிய ஹக்கை எடுத்துக்கொண்டால் அது யாருடைய ஏட்டில் எழுதப்படும்? ஊரிலிருந்து வந்த பிள்ளையை நள்ளிரவுக்குப் பின் பாத்திரம் கழுவ வைத்து, சுபுஹுக்கு முன் ரொட்டிக் கல்லின் முன் நிறுத்துகிற கடை இல்லாமலில்லை. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்காத வேலையை அவர்கள்மேல் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிபோதம். நாட்டுச் சட்டமும் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்து, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வும் கொடுக்கச் சொல்லுகிறது. சட்டத்துக்கு அஞ்சுவதைவிட மஹ்ஷருக்கு அஞ்சுவது மேல்.

இரவிலும் கடை நடக்க வேண்டுமானால் ஆளை மாற்றுங்கள். ஒரே ஆளை இரு வேளையும் நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு வாரம் பகலையும் இரவையும் மாற்றிக் குழப்பினால் மூளைக் கடிகாரம் தடுமாறும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. கணக்கை முடித்துக்கொண்டு கைப்பேசியையும் மூடுங்கள். ளுஹரை ஒட்டிச் சிறிது நேரம் கைலூலா என்னும் நண்பகல் துயில் கொள்ளுங்கள், அது ஸுன்னத்து. ரஹாங்கைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், வெயில் ஏறினால் பால் வடிவது குறையுமென்று தொழிலாளிகள் இருளிலேயே பெரட்டுக்கு எழுந்தார்கள். அப்படி எழுவதற்காகவே இரவில் முன்னதாகப் படுத்தார்கள். முன்னதாகப் படுப்பவருக்கே சுபுஹு பாங்கொலி காதில் இனிக்கும்.

உறக்கத்தில் உயிரைக் கைப்பற்றி, காலையில் அதைத் திரும்பக் கொடுப்பவனாகிய வல்ல அல்லாஹ், நமக்கும் நம்மை நம்பி உழைப்பவர்களுக்கும் அமைதியான இரவையும் பரக்கத்தான பகலையும் தந்தருள்வானாக! ஆமீன்.